புடவை மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு

போன வருடம் ஆடித் தள்ளுபடி சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மயிலாப்பூரில் இருக்கும் என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு தி.நகர் போனேன். பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்போது எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் புதிதாக முளைத்த கடை. ‘பட்டு பாதி விலை’ என்று போர்டு. நுழைந்ததுமே கண்ணில் பட்டது, இளம் ரோஜா நிறத்தில் பச்சை பார்டர் போட்ட ஒரு புடவை! மகளுக்கு போட்டோ அனுப்பினேன். “அம்மா, இதேதான் வேணும், விட்டுடாதே!” என்று உடனே போன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் கொஞ்சம் பேசிக் குறைத்துப் பணத்தைக் கட்டினேன்.

புடவையைப் பேக்கிங்குக்கு எடுக்கும்போது நாத்தனார் குறுக்கே கையை நீட்டினாள். “இருங்கோ, நாலரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள மஞ்சள் வெச்சுடறேன்.”

கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வெளியே வந்தன. மஞ்சளைக் குழைத்துப் புடவை மூலையில் ஒரு பொட்டு வைத்தாள். புதுத்துணி என்றால் அவளுக்கு இது கட்டாயம். எல்லோரும் வேடிக்கை பார்க்க, எனக்கு மானமே போயிற்று. “ஆத்துல போய் வெச்சுக்கக் கூடாதா?” என்று கடுகடுத்தேன்.

பத்து நிமிடத்தில், சுற்றிலும் டேப் ஒட்டிய கவர் டெலிவரி கவுன்டருக்கு வந்தது. நாத்தனார் அதைப் பிரிக்கப் போனாள்.

“இன்னாக்கா, மடிப்பு கலைஞ்சிடும். வீட்ல போய்ப் பாரு” என்றார் கவுன்டரில் இருந்தவர்.

நானும் அவருக்கு ஒத்து ஊதினேன். “சும்மா இரேன், அவருக்கு எத்தனை வேலை இருக்கு!”

“நீங்க இருங்கோ மன்னி” என்று சர்ரெனக் கிழித்தாள். அதே ரோஜா, அதே பச்சை பார்டர். நாலு மூலையையும் புரட்டினாள். பொட்டைக் காணோம்! தொட்டுப் பார்த்தேன், துணி வறட்டு வறட்டென்று இருந்தது. பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அது பட்டே இல்லை, ஏதோ மட்டத் துணி!

“மஞ்சள் அழிஞ்சிருக்கும்க்கா” என்றார் அவர்.

“அழியறதா? எங்காத்துக் கைப்பிடித் துணியில பட்ட மஞ்சளே நாலு தடவை தோய்ச்சும் போகலை! எங்க புடவையைக் கொண்டு வாங்கோ!” நாத்தனார் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

அவ்வளவுதான்! வரிசையில் நின்ற பெண்களெல்லாம் தங்கள் கவர்களைப் பரபரவென்று பிரிக்க ஆரம்பித்தார்கள். “ஐயையோ, என்னுதும் வேற!” என்று ஓர் அம்மா கத்தினார். முதலாளி ஓடி வந்து, “மாறிப்போச்சு, மாறிப்போச்சு” என்று வியர்த்து வழிந்தார். உள்ளேயிருந்து எங்கள் புடவை வந்தது, மூலையில் பொட்டோடு! மஞ்சளின் ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. சந்தோஷம் தாங்காமல் அங்கேயே நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன்.

மகள் அந்தப் புடவையில்தான் நிச்சயத்துக்கு உட்கார்ந்தாள். இப்போது என் கைப்பையிலும் ஒரு மஞ்சள் டப்பா இருக்கிறது. எந்தக் கடையானாலும் கவரைப் பிரித்துப் பார்க்காமல் படி இறங்குவதில்லை. ஆனால், முன்பின் தெரியாத கடைக்காரருக்குப் பரிந்துகொண்டு, எனக்காகக் கூட வந்தவளைப் பார்த்து ‘சும்மா இரேன்’ என்றேனே, அதை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.