ஐந்து பிரதம விருந்தினரும் ஒரு தோணி ஓட்டமும்

இன்பமலரக்கா நடத்திய விழாவுக்குப் பிரதம விருந்தினர்கள் ஐந்து பேர். மேடையில் ஒருவரை ஒருவர் காணும்வரை, ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் பிரதம விருந்தினர் என்று நம்பி வந்தவர்கள்.

திருகோணமலை உட்துறைமுகத்தில் ஒரு குடா. அதன் எதிர்க்கரையில் அக்காவின் வீடு. விடியத் தோணி எடுத்து மட்டிச் சிப்பி பொறுக்கி, இந்தக் கரைக்குக் கொண்டுவந்து விற்றுவிட்டு, திரும்பவும் துடுப்புப் போட்டு வீட்டுக்குப் போவார். அந்தக் கரைப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் தொழில்.

அதே குடாவில் வருடா வருடம் ஆண்களுக்குத் தோணி ஓட்டம் நடக்கும். பாண்ட் வாத்தியம், கொடி, தொண்டை கிழியும் அறிவிப்பாளர், எல்லாம் உண்டு. பெண்களுக்குத் தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடும் ஓட்டம். அதுவும் மணலில். இந்த வருடம் அக்கா விளையாட்டுக் கழகத் தலைவர் மேர்வினிடம் போய், பெண்களுக்கும் ஒரு தோணி ஓட்டம் வையுங்கள் என்று கேட்டார்.

"மட்டி பொறுக்கிறதும் தோணி ஓட்டமும் ஒண்டே அக்கா?" என்று மேர்வின் சிரித்தார். "சரி, ஆசைப்படுறியள். பேர்மிசனை நீங்களே எடுங்கோ. எடுத்தால் நடத்துங்கோ."

கேட்க உதவி மாதிரி இருக்கும். கடலில் பொது நிகழ்ச்சி வைக்க அனுமதி எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் அது சாபம் என்று விளங்கும். கரைக்கு ஒரு அரசாங்கக் கந்தோர், தண்ணீருக்கு ஒரு கந்தோர், கூட்டத்துக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, கூட்டம் போடப்போகும் குப்பைக்கு ஒன்று. பெயர்கள் வேண்டாம். எனக்குத் திரும்பவும் ஊருக்கு வர விருப்பம்.

நான் அப்போது லீவில் வந்து லிங்கநகரில் மாமி வீட்டில் தங்கியிருந்தேன். இரண்டு மொழியில் படித்தவன், வெளிநாட்டில் இருக்கிறவன், கடிதம் நன்றாக எழுதுவான் என்று யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். தமிழில் எழுதினேன், இங்கிலீசில் எழுதினேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஆகவே நேரே போனோம்.

குப்பைக் கந்தோரில் கேட்டார்கள்: "எத்தனை கிலோ குப்பை எதிர்பாக்கிறியள்?"

"சேருக்கு எத்தனை கிலோ விருப்பம்?" என்று அந்த அதிகாரியையே திருப்பிக் கேட்டார் அக்கா.

தண்ணீர்க் கந்தோரில், ஓடப்போகிற பெண்களுக்கு நீந்தத் தெரியும் என்பதற்கு அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள்.

"கடல்லதான் சேர் படிச்சனாங்கள். பத்திரம் நனைஞ்சுபோச்சு."

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரியின் முகம் மாறினால் நான் வாசலைத் தேடுவேன். அக்காவுக்குப் பசிக்கும், வெளியே வந்ததும் இரண்டு வடை சாப்பிட்டார்.

வழி காட்டியது கரைக் கந்தோரில் வேலை செய்யும் நிரோஷினி என்ற பிள்ளை. ஒரு நாள் படியிறங்கும்போது பின்னால் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, சேரைப் பிரதம விருந்தினராக் கூப்பிட்டனீங்களோ?"

கூப்பிடவில்லை. திரும்பி ஏறிப்போய்க் கூப்பிட்டார். வாரக் கணக்காகப் பேனை தேடிய மனிதர் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். தேத்தண்ணியும் வந்தது.

அதன் பிறகு அக்காவைப் பிடிக்க ஏலாது. அடுத்த கந்தோர், அடுத்த பிரதம விருந்தினர். கையெழுத்து ஐந்தும் ஒரே வாரத்தில் கிடைத்தன. தண்ணீர்க் கந்தோர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டது: காலை பதினொரு மணிக்குப் பிறகு விழாவின் துடுப்பு ஒன்றும் கடலில் இருக்கக்கூடாது.

"அக்கா, பிரதம விருந்தினர் எண்டால் ஒராள்தான்," என்றேன்.

"ஏன், அவரென்ன கலியாண மாப்பிளையே?"

"அழைப்பிதழில எப்பிடிப் போடுறது?"

"ஆளுக்கொரு அழைப்பிதழ் அடி தம்பி. அவரவர் கார்ட்டில அவரவர் பேர் மேல."

அடித்தேன். அன்றிரவு எனக்கு நித்திரையில்லை.

விழாவன்று ஐந்து வாகனங்கள் வந்தன. ஐந்து பேரும் மேடை ஏறி, நடுக் கதிரையைப் பார்த்து, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நல்லவேளை, குத்துவிளக்குக்கு ஐந்து முகம். ஆளுக்கொரு திரி என்று சமாளித்தோம். ஐந்து மாலை, ஐந்து பொன்னாடை. பிறகு பேச்சு.

கீழே அக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்கள், செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி போட்டு வெயிலில் அவிந்துகொண்டிருந்தார்கள். முதலாமவர் பெண்களின் பெருமை பேசினார். இரண்டாமவர் தன் தாயாரின் பெருமை பேசினார். மூன்றாமவர் சின்ன வயதில் தான் நீந்திய கதையைத் தொடங்கினார். கரை சேர அரைமணித்தியாலம் ஆனது. நாலாமவருக்கு வேறு விழா இருந்தது.

"வெற்றிக் கிண்ணத்தை இப்பவே குடுப்பம்," என்றார்.

"ஆர் வெண்டது சேர்?" என்று அக்கா கேட்டார்.

"அதைப் பிறகு பாருங்கோ."

எட்டுப் பேரில் முன்னுக்கு நின்ற றிஷானாவைக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தார். கிண்ணியாவில் இருந்து கலியாணம் கட்டி வந்த பெண். ஓடாத ஓட்டத்தில் வென்றதற்காகப் படத்துக்கு நின்றாள். "சிரியுங்கோ தங்கச்சி," என்றான் படக்காரன். அவள் சிரிக்கவில்லை. நாலாமவர் அவளுக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தாமவர் தண்ணீர்க் கந்தோர். நேரந் தவறாமையைப் பற்றி நீளமாகப் பேசினார். முடித்ததும் கையைத் திருப்பி மணி பார்த்தார்.

"பதினொன்று. இனி ஒருத்தரும் இறங்க ஏலாது. நிபந்தனை நிபந்தனைதான்."

ஒலிபெருக்கி நின்றது. மிஞ்சிய விருந்தினர்கள் சிற்றுண்டி றோல்ஸ் தட்டுப் பக்கம் போனார்கள். மேர்வின் ஒரு றோல்ஸைக் கடித்துக்கொண்டு வந்தார். "நல்ல விழா அக்கா. துடுப்புத்தான் நனையேல்லை."

அக்காவின் முகம் வாடி இருந்தது. தோணிகளை ஒருதரம் பார்த்துவிட்டு, தண்ணீர்க் கந்தோர்க்காரரிடம் போனார்.

"சேர், விழா முடிஞ்சுதே?"

"ஓம், முடிஞ்சுது."

"ஒரு குறையும் இல்லையே?"

"இல்லை. திறமா முடிஞ்சுது."

"அப்ப நாங்கள் வீட்டை போகலாமே?"

"தாராளமாப் போங்கோ."

"எங்கட வீடு அந்தக் கரையில சேர்," என்றார் அக்கா. திரும்பிப் பெண்களைப் பார்த்துக் கத்தினார்: "வாங்கோடி, வீட்டை போவம்!"

எட்டுத் தோணியும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. விசில் இல்லை, கொடி இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற ஒருத்தரும் அப்படித் துடுப்புப் போடமாட்டார்கள். கிண்ணம் றிஷானாவின் தோணியின் முன் அணியத்தில் உருண்டது. சனம் தட்டுகளை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடியது. அறிவிப்பாளர் அறுந்த தொண்டையால், ஒலிபெருக்கி இல்லாமல், முன்னுக்கு நிற்பது யார் என்று கத்தினார். மேர்வின் முழங்கால்வரை தண்ணீரில் நின்றார். சப்பாத்தைக் கழற்ற மறந்துவிட்டார். "இழு கஜந்தி! இழு!" என்றது அவர் குரல்தான்.

ஐந்தாமவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, இவையள் என்ன செய்யினம்?"

"வீட்டை போயினம் சேர்," என்றேன்.

வென்றது கஜந்தி, கிளிவெட்டிப் பிள்ளை, கலியாணத்துக்குப் பிறகுதான் கடலைக் கண்டவள். றிஷானா கிண்ணத்தைத் தூக்கி அவளுடைய தோணிக்குள் போட்டது இந்தக் கரைக்கே தெரிந்தது. அக்கா ஏழாவது.

மறுநாள் அக்கா மட்டிக் கூடையோடு இந்தக் கரையில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது; நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். நிரோஷினி.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நேற்று வீட்டை போனதுக்குப் பேர்மிசன் எடுத்தனீங்களோ எண்டு தண்ணீர்க் கந்தோர்ச் சேர் எங்களிட்டைக் கேக்கிறார்."

"சொல்லிப்போடாதேங்கோ அக்கா, பேசிப் பாப்பம், நான் ஒரு கடிதம் எழுதுறன்," என்று நான் இடையில் விழுந்தேன்.

அக்கா என்னைக் கையால் தள்ளிவிட்டு, நிறுக்கிற மட்டியில் கண் வைத்தபடியே சொன்னார்:

"எடுக்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை. இண்டைக்கும் போவன்."