எறும்பைக்கூட மிதிக்காத சித்தப்பா

பிள்ளைகளா, போன வாரம் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? குடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் ரகளை செய்தானாம். ஜெயிலுக்குப் பதிலாக, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வேலை செய் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்களாம். மருந்துக்கு வரிசையில் நின்றவர் சொன்னார். "தரை தொடைக்கறதெல்லாம் ஒரு தண்டனையாப்பா?" என்று நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். சட்டம் தெரியாது. தெரிந்தது என் சித்தப்பாவின் வழக்கு ஒன்றுதான். அதை எழுதித் தருகிறேன், படியுங்கள்.

அப்போது எனக்கு உங்களில் சின்னவளின் வயது. எங்கள் ஊர் சிதம்பரத்துக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில். அப்பாவின் தம்பியான சித்தப்பா, கல்யாணம் ஆகாதவர், டிராக்டர் ஓட்டினார். நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் வேறு ஆள். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு நாள் பின்னால் வந்த டிராக்டர் முந்திக்கொண்டு நுழைந்தது. வாய்ச்சண்டை முற்றி, சித்தப்பா ஜாக்கி லிவரை எடுத்து அந்த டிரைவரை அடித்துவிட்டார். அவருக்குக் கை எலும்பு முறிந்துபோனது.

வழக்கு சிதம்பரம் கோர்ட்டில் நடந்தது. தீர்ப்பு நாளில் அப்படியே கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்து, எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஒரு பையில் கைலி, சோப்பு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் எடுத்துப் போயிருந்தாள். குற்றம் செய்தது உண்மை என்று சொன்ன ஜட்ஜ், தண்டனையை மட்டும் அன்று சொல்லவில்லை. முதல் தடவை தப்பு செய்தவர் என்பதால், நன்னடத்தை அலுவலர் ஒருவர் ஊருக்குப் போய், இவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து அறிக்கை கொடுக்கட்டும், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். சித்தப்பா போவது ஜெயிலுக்கா, வீட்டுக்கா என்பது இனி அந்த அலுவலர் கையில்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி ஒரு விசாரணை பழக்கமில்லை. வெளியூர் ஆள் வந்து ஒரு பையனின் குணத்தை விசாரித்தால் அது சம்பந்தம் பேசத்தான் என்பது மட்டும் தெரியும். அத்தை அதே மாதிரி ஏற்பாடு செய்துவிட்டாள். வாசலில் பெரிய கோலம். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. சித்தப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தெருக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தாள். என்னையும் விடவில்லை.

"டேய், சார் கேட்டா, சித்தப்பா எறும்பக்கூட மிதிக்க மாட்டாருன்னு சொல்லணும். என்ன?"

அலுவலர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். கேசரியைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். அவர் கேட்ட ஆட்களெல்லாம் "தங்கமான புள்ள சார்" என்றே சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் எறும்பைச் சொன்னேன்.

"அப்படியா தம்பி? கரும்புக் கொல்லையில எறும்பு ஜாஸ்தியாச்சே. எப்படித்தான் நடக்கறாரு?"

அதற்குப் பதில் அத்தை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் இருமும் சத்தம் மட்டும் வந்தது.

அலுவலர் எழுந்துகொண்டு, "இந்த வீட்டுக்கு ஆவாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். எல்லோருடைய கண்ணும் எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே இருந்தவர் எங்கள் பங்காளி, எனக்குப் பெரியப்பா முறை. இரண்டு கொல்லைக்கும் நடுவிலுள்ள வரப்பால் வந்த சண்டையில் பேச்சுவார்த்தையே கிடையாது. ஊரில் அத்தை சொல்லிக்கொடுக்காத ஒரே ஆள் அவர்தான். அலுவலர் தெருவைத் தாண்டி நடக்க, நானும் பின்னாலேயே ஓடினேன். கேசரித் தட்டோடு அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, எங்கள் வீட்டுக்குக் கேட்கும்படி பேசினார்.

"கோவம் வந்தா அவனுக்குக் கண்ணு தெரியாது சார். போன வருசம் என் மேலயே மம்மட்டிய ஓங்கினான்."

"ஓங்கினாரா, அடிச்சாரா?"

"ஓங்கினான். அப்புறம் அதக் கீழ போட்டுட்டு, வரப்புலயே குந்திக்கினு அழுதான்."

"அப்ப ஜெயிலுக்கு அனுப்பிடலாங்கறீங்களா?"

பெரியப்பா காலைத் தடவிக்கொண்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அங்க போயி எவன் எவன்கூட சேந்து என்னென்ன கத்துக்கினு வருவானோ. வந்தப்புறம் அவனுக்குப் பக்கத்துக் கொல்லையில நிக்கப்போறது நீங்களா சார்? நான்தான?"

அன்று காலையிலிருந்து மூடியே இருந்த பேனாவை அலுவலர் அப்போதுதான் திறந்தார்.

சித்தப்பா ஜெயிலுக்குப் போகவில்லை. இரண்டு வருடம் ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று கோர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா ஜாமீன் நின்றார். மாதா மாதம் கடலூர் போய் அலுவலரைப் பார்க்க வேண்டும். கை முறிந்தவருக்கு நட்ட ஈடு கொடுக்க வேண்டும். நடுவில் யார் மேலாவது கை வைத்தால், தள்ளிவைத்த தண்டனைக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். அத்தை அந்த ஊறுகாயைத் திருப்பி எடுத்துவந்து எங்கள் தட்டிலேயே போட்டாள். எனக்கும் உங்களைப் போலத்தான் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு மனிதரின் கையை உடைத்ததற்கு இவ்வளவுதானா? கடலூர் போய்வரும்போது சித்தப்பா வறுத்த வேர்க்கடலை வாங்கிவருவார். அதனால் அவருடைய தண்டனை எனக்குப் பிடித்தே இருந்தது.

ஒரு நாள் காலையில் அவரோடு கொல்லைக்குப் போனேன். அன்று வாய்க்கால் தண்ணீர் எங்கள் முறை. ஆனால் தண்ணீர் பெரியப்பாவின் கரும்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மடையை அவர் திருப்பிவிட்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நகரவில்லை.

"என்னடா மொறைக்கற? அடிக்கணுமா? அடி. நானே உன்ன கடலூர் பஸ்ஸுல ஏத்தி வுடறேன்."

சித்தப்பாவின் கை மம்மட்டிக் காம்பை இறுக்கியது. அப்புறம் மம்மட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எங்கள் முறை முடிகிற வரைக்கும், தண்ணீர் அந்தப் பக்கம் போவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசிப் பேசிப் பார்த்து, பெரியப்பாவே சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

சித்தப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆலை வாசலில் ஜாக்கி லிவரைத் தூக்கிய மனிதர் இப்படிக் கோழையாகிவிட்டாரே என்று அவரோடு சில நாள் கொல்லைக்குப் போகவே பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் முடிந்தது. கடலூர் போவது நின்றது, வேர்க்கடலையும் நின்றது. அடுத்த கோடையில் பெரியப்பா மறுபடியும் மடையைத் திருப்பினார். சித்தப்பா போனார். இப்போது அவர் மேல் எந்த நிபந்தனையும் இல்லை. இருந்தும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அதே வரப்பில் உட்கார்ந்தார்.

கடலூர் ஜெயிலின் மதிலை எனக்குத் தெரியும், பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். சித்தப்பா தன் தண்டனையை அனுபவித்த இடம் அந்த வரப்பு என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. எதிரி தினமும் எதிர் வீட்டிலேயே இருக்க, கையை மடக்கி வைத்துக்கொண்டு அதே தெருவில் நடப்பது எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியவில்லை.

நேற்று உங்கள் அம்மாவின் மாத்திரைக்காக நான் மட்டும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பையன் அப்போதும் துடைத்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் அவனையே பார்த்தார்கள். அவன் தலையைத் தூக்கவில்லை. தரை ஈரமாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து போனேன்.