பூவுக்கு விழாத ஓட்டு

அறுபத்திரண்டாம் வருடத்துப் பாராளுமன்றத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் யார் ஜெயித்தார் என்பது புத்தகங்களில் இருக்கும். எங்கள் வீட்டில் அது மாமாவின் மீசை போன தேர்தல், அவ்வளவுதான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாதி ஊருக்குப் பூ விவசாயம். விடிவதற்குள் மல்லிகையைத் திண்டுக்கல் மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்தால், மீதிப் பொழுதெல்லாம் மாமாவுக்கு டீக்கடையில் உலக நடப்பு. அந்த வருடம் ஒரு முதலாளி சுயேச்சையாக நின்றார். அவருடைய சின்னம் பூ. பூக்காரனுக்குப் பூச்சின்னம் கிடைத்தால் கேட்கவா வேண்டும், மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வேடசந்தூர், ஆத்தூர் என்று நாலா பக்கமும் விரிந்து கிடந்த தொகுதியில் முதலாளி எங்கள் ஊருக்கு ஒரே ஒரு தடவை வந்தார். அப்போதும் காரை விட்டு இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே மாமாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். தான் ஜெயித்தாலும் தோற்றாலும் சரி, இந்த ஊர்ப் பெட்டியில் பூ முந்திவிட்டால் மதராஸில் இருக்கும் தன் ஆபீசில் மாமாவுக்கு வேலை. மாமாவும் சும்மா இருக்கவில்லை. பூ முந்தவில்லை என்றால் மீசையை எடுத்துவிடுவதாக மார்க்கெட்டில் நாலு பேர் முன்னால் பந்தயம் கட்டிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு ஓர் அண்ணனும் இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று யாரோ கூப்பிட, சிலோனுக்குப் போனவர். போனவர் போனவர்தான். இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது இந்தத் தம்பி ஒருவர்தான். போகாதே என்று சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். மதராஸ் என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கிறது என்று மாமா சிரித்தார். சிரித்துவிட்டுப் போய் இரண்டு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

முன்பெல்லாம் ஓட்டுப் போடுவது சுலபம். தேர்தலில் நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டியில் அவரவர் சின்னம். பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டால் தீர்ந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் பெட்டிக்குப் பூச்சரம் சார்த்திக் கும்பிட்டுவிட்டு வந்ததாகக்கூடச் சொல்வார்கள். இந்தத் தடவை முறையே மாறிவிட்டது. எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில். வேண்டிய சின்னத்தின் மேல் மை தொட்டுப் பெருக்கல் குறி முத்திரையைக் குத்த வேண்டும். ஆண்களுக்கு மாமா டீக்கடையில் பாடம் எடுத்தார். பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அம்மாவிடம் விட்டார். அம்மா திண்டுக்கல் சிஸ்டர்மார் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள், ஊரில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அம்மாவும் குறை வைக்கவில்லை. உருளைக்கிழங்கை அறுத்துப் பெருக்கல் குறி செதுக்கினாள். அடுப்புக்கரியைக் குழைத்தாள். பழைய தாளில் பூவும் சைக்கிளும் வரைந்து, தெருப் பெண்கள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பூவின் மேல் குத்தச் சொன்னாள். சைக்கிள் எதிராளியின் சின்னம். எல்லாரும் பிசகாமல் குத்தினார்கள். மாமா அதைப் பார்த்துவிட்டு, மதராஸுக்குக் கொண்டுபோகத் தகரப்பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஓட்டுப் போடும் நாளில் நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசையில் நின்றேன். அம்மாவுக்கு முன்னால் மேலத்தெருப் பெரியம்மா, பின்னால் எங்கள் தெருவே நின்றது. கதவு திறக்கச் செத்த நேரம் இருக்கும்போது அம்மா யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"நேத்து வரைக்கும் எனக்குத் தோணல. பூ மேல கருப்பக் குத்தச் சொல்றாகளே, இது தாலி கட்டுனவ செய்யிற வேலையா? கருப்ப வேண்டாதவுக மேலயில்ல குத்தணும்."

பெரியம்மா கழுத்திலிருந்த தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பேச்சு அப்படியே வரிசையின் கடைசி வரைக்கும் போய்விட்டது. பூவில் கரி பட்டால் என்ன ஆகும் என்று பூக்காரிகளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி தலையில் வைத்திருந்த சரத்தை நன்றாகச் செருகிக்கொண்டாள். அத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததை அம்மாவே மறந்துவிட்டாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரியவர்களுக்கும் பாடம் மறக்கும் என்று தெரிந்ததில் கொஞ்சம் சந்தோஷமும்கூட.

ஓட்டு எண்ணும்போது மாமா திண்டுக்கல்லில் இருந்தார். எங்கள் ஊர்ப் பெட்டியைத் திறந்தபோது சைக்கிள் எங்கேயோ முன்னால் போய்விட்டது. தொகுதி முழுக்கவே பூ தோற்றுத்தான் போனது. ஆனால் மாமாவுக்கு எங்கள் ஊர்ப் பெட்டிதான் கணக்கு. முதலாளி இவர் பக்கமே திரும்பாமல் காரில் ஏறிப் போய்விட்டாராம். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே பந்தயத்தை முடித்துக்கொண்டு, துண்டால் வாயை மூடியபடி மாமா வீட்டுக்கு வந்தார்.

அம்மா இலையைப் போட்டாள். வெஞ்சனத்துக்குக் கருவாடு வறுத்திருந்தாள். மாமாவுக்கு அது உயிர். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீ அம்புட்டுச் சொல்லிக்குடுத்தியேக்கா. இவளுக இப்டிப் பண்ணிட்டாளுகளே."

"பொம்பளைகளுக்கு என்னப்பு தெரியும்" என்றாள் அம்மா.

வரிசையில் நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஒரு பெரிய உருண்டைச் சோறு வந்து விழுந்தது. அதை மென்று விழுங்குவதற்குள் அம்மா மாமாவுக்கு மறுசோறு போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மழித்த அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"மீச என்ன, வளந்துரும். நீ சாப்டு."

சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பியின் மீசைக்காகத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.