பூவரசில் காய்த்த பன்

பூவரச மரத்தில் பன் காய்த்திருப்பதை முதலில் பார்த்தது வாட்ச்மேன்தான். மில் மதிலுக்கு வெளியே சாய்ந்த கிளைகளில், கிழிந்த தொட்டில் துணியால் கட்டி, பிள்ளைகளுக்குக் காலையில் கொடுத்த பன்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. நம் வேலை போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்த மில்லின் பிள்ளைகள் காப்பகத்தில் நான் ஆயா. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட நர்சம்மா. ராயபுரத்துக்காரர், காலையில் கோயில் பூசை முடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே உள்ளே வருவார். பிள்ளைகளுக்கு அவர் சொன்னது ராஜா ராணி கதை இல்லை. சாலையில் நடக்க உரிமை கேட்டவர்கள், கூலி கேட்டு மூட்டையைத் தூக்க மறுத்தவர்கள், இப்படி நிஜமாக நடந்தவை. “இந்தப் பிஞ்சுகளுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?” என்று பயந்து கேட்டேன். “பசி அதுங்களுக்குத் தெரியுதில்ல? அப்போ நியாயமும் தெரியும்” என்றார்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது உப்புக் கதை. தஞ்சாவூர்ப் பக்கம் உப்பு அள்ள நடந்து போனவர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது என்று வெள்ளைக்காரக் கலெக்டர் உத்தரவு போட்டான். ஊர்ஜனம் எதிர்த்துப் பேசவில்லை. சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டது. மரம் சோறு போட்டால் யாரைப் பிடிப்பான்? இந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டிக் குதிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மில்லுக்குப் புது மேனேஜர் வந்தார். கைக்குழந்தைக்காரிகள் வேலை நடுவில் பால் கொடுக்க வந்து போகும் வழக்கத்தை நிறுத்தினார். தொட்டிலில் பிள்ளைகள் வீறிட்டழ, நூற்குமிடத்தில் தாய்மாரின் ரவிக்கை நனைந்தது. கேட்டுப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருநாள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு, பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே அந்த மர நிழலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். வெளியே ஒரு வாய் தண்ணீர்கூடப் போகக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கிரேன்காரர் மகள்தான் பிள்ளைகளில் மூத்தவள். “அம்மாங்க பசியோட குந்திகினு கீறாங்க, கலெக்டரு சோறு குடுக்க வாணான்னுட்டான்” என்று அவளே முடிவுகட்டி, மதிலோரத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, மற்றதுகள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க பன்களைக் கட்டிவிட்டாள்.

கீழே இருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். “அடியே கண்ணு, நாங்க துன்னக் கூடாதுடி! துன்னா தோத்துப் பூடுவோம்!” என்று அவள் அம்மா கத்தினாள்.

“துன்னாட்டி போ. பாத்துகினாவது இரு!”

பசித்த பெண்கள் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நர்சம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “ஐயோ, உண்ணாவிரதக் கதையை நான் இன்னும் சொல்லவேயில்லையே!”

சாலையில் போன கட்டை வண்டிகள் நின்றன. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். என்ன சங்கதி என்று விசாரித்தவர்களுக்குப் பெண்கள் சொல்ல, மதிலோரம் கூட்டம் சேர்ந்தது. மேனேஜர் ஓடிவந்து துரட்டியை என் கையில் திணித்தார். “எல்லாத்தையும் அறுத்துத் தள்ளு. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

வீட்டில் நோயாளி அம்மா என் சம்பளத்தில்தான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். துரட்டியைத் தூக்கினேன். கிரேன்காரர் மகள் என் புடவையைப் பிடித்தாள். “ஆயாக்கா, நீ கலெக்டர் கட்சியா?”

துரட்டியைக் கீழே வைத்தேன். “என்னால ஆவாது சார்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

மேனேஜர் நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா துரட்டியின்மேல் காலை வைத்துக்கொண்டு, “எனக்கும் ஆவாது சார்” என்றார். வாட்ச்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் விறுவிறுவென்று ஆபீசுக்குள் போனார். பொழுது சாய்வதற்குள் ஆபீசில் தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசி, பழைய வழக்கமே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பன்களைக் காக்கைகள் தின்று தீர்த்தன. மறுநாள் நானும் வேலைக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை.

நர்சம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. கிரேன்காரர் மகள் இப்போது டோல்கேட் பக்கம் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “இதோ, இந்த ஆயாக்காதான் துரட்டிய மொழங்கால்ல வெச்சு பட்டுனு ரெண்டா ஒடிச்சாங்க!” பிள்ளைகள் வாய்பிளந்து என்னைப் பார்த்தன. ஓரமாக ஒரு பெண் குழந்தை மட்டும், எனக்கு அதெல்லாம் வராது என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டது.

“ஒடிக்கலடி” என்றேன். “கையும் காலும் வெடவெடன்னு நடுங்கிச்சு, நடுங்கிகினேதான் கீழ வெச்சேன். அதையும் சேத்துச் சொல்லு.”