நல்ல இடத்துக்குப் போகும் வண்டிகள்

"அணைச்சுட்டுப் பேசுங்க சார்" என்கிறார் பழைய வண்டிக்கு விலை போடுகிறவர்.

எஞ்சினை ஓடவிட்டபடியே தன் வண்டியின் அருமை பெருமைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திச் சாவியைத் திருப்புகிறார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஓர் உதை. இன்னோர் உதை. வண்டிக்காரர் கழுத்தில் வியர்வை. நாலைந்து உதைக்குப் பிறகு வண்டி இருமிக்கொண்டே எழுகிறது. "பரவால்ல, எங்க வீட்டுப் பசங்களும் இப்படித்தான். அத்தனை தடவை கூப்பிட்டாத்தான் எழுந்திருப்பாங்க" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே கையிலுள்ள அட்டையில் எதையோ குறைத்து எழுதுகிறார்.

புது மோட்டார் சைக்கிள் விற்கும் ஷோரூமின் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே இவருடைய இடம். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்க வருகிறவர்கள் இவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். பழையதற்கு விலை போடுவது இவர் வேலை. ஷோரூமுக்குள் குளிர்சாதனமும் கண்ணாடியும் கேக் வாசனை போலப் புது ரப்பர் வாசனையும் உண்டு. இவருக்கு ஒரு மின்விசிறி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் ஒரு கை கழுவும் குழாய். "அங்க கல்யாணம், இங்க ஆஸ்பத்திரி" என்பார்.

வண்டியைச் சுற்றி வரும்போது வாய் ஓயாது. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரைத் திருகுவார். "இடுப்புல ஒரு அடி பட்டிருக்கு." டேங்கின் அடி விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவார். "மேல புதுப் பெயிண்ட். பவுடர் போட்டா வயசு குறையுமா சார்?" ஆயில் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வண்டிக்காரரைப் பரிதாபமாக ஏறிட்டு நோக்குவார். அந்த ஒரு பார்வையில் பாதிப் பேரம் முடிந்துவிடும்.

ஷோரூம் பெண்கள் இவருக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவரைப்போல உச்சி முதல் உள்ளங்கால் வரை குறை சொல்லிவிட்டு, எல்லாம் முடிந்ததும் "கவலைப்படாதீங்க, நல்ல இடத்துக்குத்தான் போகுது" என்று ஒரு வார்த்தை சொல்வாரே, அதற்காக. மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். இவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. இவருக்கென்று வண்டி கிடையாது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறார். "ஊர் வண்டிக்கெல்லாம் இடம் பார்க்கிறார், வீட்டு மிக்சிக்கு ஒரு வழி பண்ண மாட்டேங்கிறார்" என்று மனைவி போனில் ஏசுவது வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்.

அந்த நல்ல இடம்தான் இவருடைய சாமர்த்தியம். பழைய வண்டியைக் கொடுக்க வருகிறவர் விலைக்குச் சம்மதித்துவிடுவார், கையெழுத்தும் போட்டுவிடுவார். சாவி மட்டும் கையைவிட்டு வராது. பெட்ரோல் மூடியைத் தேவையில்லாமல் திறந்து மூடுவார். கண்ணாடியைச் சரிசெய்வார். அப்போது இவர் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொல்வார். "ஒரு நர்சம்மா கேட்டிருக்காங்க. நைட் டியூட்டி. பஸ் கிடைக்காதாம்." ஓய்வுபெற்ற கணக்கருக்கு ஒரு தபால்காரர். இரைச்சலாக வண்டி ஓட்டும் கல்லூரிப் பையனுக்கு, "உன்னை மாதிரியே ஒருத்தன்தாம்பா. என்ன, அவங்க அம்மா கொஞ்சம் கண்டிப்பு." ஆளைப் பார்த்த நொடியில் ஆளுக்கேற்ற வாரிசு பிறந்துவிடும். சாவி கைமாறும்.

உண்மையில் ஓடுகிற வண்டிகளைத் தரகர்கள் மொத்தமாக எடுத்துப்போவார்கள். ரொம்பவும் பழையதென்றால் பின்கட்டில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். நிறையச் சேர்ந்ததும் ஒரு மினி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் கேட்டபோது இவர் அதை அப்படியே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் மேஜையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டார். மேலாளர் பிடித்த பிடியில் இவருக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை. அடுத்து வந்தவருக்கு ஒரு தபால்காரர் கிடைத்தார்.

சில வாரங்களுக்கு முன் லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், விரல் இடுக்கில் கிரீஸ். கொண்டுவந்தது அவளைவிட நாலைந்து வயதே இளைய வண்டி. எஞ்சினை அவளாகவே அணைத்தாள். முதல் உதையிலேயே மறுபடி எழுந்தது. சம்பந்திக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து டேங்கில் கையை வைத்தார். முன்பக்கம் இரண்டு இடத்தில் பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது.

"இங்க பெயிண்ட் போயிருக்கு."

"நான்தான். முட்டி பட்டு."

"அப்பா வண்டியா?"

"ஆமா."

"அவர் வரலையாம்மா?"

"அவர் இல்ல. போன மாசம்."

இவர் அட்டையை மூடிவிட்டார். அப்புறம் ஒன்றும் கழிக்கவில்லை, ஒன்றைத் தவிர. இன்னொரு சாவி எங்கே என்று கேட்டார். தேடினேன், கிடைக்கவில்லை என்றாள். அதற்கு மட்டும் கழித்துக்கொண்டார். தொழில் தொழில்தானே. அவள் பேரம் பேசவில்லை. எடுக்கப்போகும் ஸ்கூட்டரின் நிறத்தைக் கேட்டதற்குக்கூட "இருக்கிறதைக் குடுங்க" என்றுவிட்டாள். சாவியை நீட்டினாள். இவர் பிடித்த பிறகும் அவள் விடவில்லை.

"இது யாருக்குப் போகும்?"

வழக்கமாக யோசிக்காமல் வருகிற பதில் அன்று சற்றுத் தாமதமாக வந்தது.

"ஒரு வாத்தியார் சொல்லி வச்சிருக்காரும்மா. கணக்கு வாத்தியார். ஸ்கூல் கிட்டத்துலதான். சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு, முன்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போவார். பழைய வண்டின்னா அந்த மனுஷனுக்கு உயிர்."

"செயினை டைட்டா வச்சா சத்தம் போடும். கொஞ்சம் ஆட்டம் விடச் சொல்லுங்க."

"சொல்லிடறேன்."

"காலையில சோக்கைப் பாதிதான் இழுக்கணும். முழுசா இழுத்தா அடைச்சுக்கும். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். சாவியை விட்டாள்.

ஸ்கூட்டரின் முதல் சர்வீசுக்கு வந்த அன்று, வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு அவள் நேரே தகரக் கூரைக்கு வந்தாள்.

"ரெண்டாவது சாவி கிடைச்சுது. அப்பாவோட கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்தது."

"அடடா, அதுக்காகவா வந்தீங்க? குடுங்கம்மா, வாத்தியார்கிட்டச் சேர்த்துடறேன்."

"நானே குடுத்துடறேன். எந்த ஸ்கூல்?"

இத்தனை வருடத்தில் நல்ல இடத்துக்கு யாரும் விலாசம் கேட்டதில்லை. பக்கத்து ஜன்னலில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன.

"அவர்... மாற்றலாகிப் போயிட்டாரும்மா."

"வண்டியோடவா?"

"வண்டியோடதான்."

"எஞ்சின் இல்லாமயா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "சர்வீஸ் வாசல் வழியாத்தான் உள்ள வந்தேன். பின்னாடி சுவரோரம் எங்க டேங்க் கிடக்கு. எஞ்சின் ஒரு பக்கம், வீல் ஒரு பக்கம்."

சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க எதுவும் கிடைக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டார். அவள் மேலாளரிடம் போவாள் என்று நினைத்தார். போகட்டும், நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போகட்டும் என்று நின்றார்.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையில் இருந்த சாவியைப் புரட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன படிக்கிறா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"வாத்தியார் பொண்ணு."

இவர் அவள் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. காத்திருந்தாள். இவர் இன்னொரு நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணாங் கிளாஸ்" என்றார்.

"முன்னாடிதான் உட்காருவாளா?"

"முன்னாடிதான். பின்னாடி உட்காரச் சொன்னா ஒரே அழுகை. வழியெல்லாம் ஹாரனை அழுத்திக்கிட்டே வருவா. வாத்தியார் திட்டிக்கிட்டே ஓட்டுவார்."

"திட்ட மாட்டார்."

"ஆமா" என்றார் இவர் உடனே. "திட்ட மாட்டார்."

அவள் தலையசைத்தாள். இவர் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைத்தார். "சிக்னல்ல நிக்கும்போது அவளையே ஆக்சிலேட்டரைத் திருகச் சொல்வார். என்னமோ இவதான் ஓட்டற மாதிரி."

"அவர் கை மேல இருக்கும்."

"மேலதான் இருக்கும். அவர் விட்டுடுவாரா?"

பில் போடும் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரப் பெண் அழவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தாள். இவர் அதை ஒற்றை விரலால் அவள் பக்கமே நகர்த்தினார்.

"இதை நீங்களே வச்சுக்கோங்க. வாத்தியார்கிட்ட ஒண்ணு இருக்கு."

அவள் எடுத்து டெஸ்டர் இருந்த பையில் போட்டுக்கொண்டாள். ஸ்கூட்டர் தயாராக இன்னும் நேரம் இருந்தது. வெளியே வெயில். அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் பின்கட்டில் மினி லாரி வந்து நின்றது. ஏற்றும் ஆட்கள் வேலையை ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு சக்கரம் போய் லாரியின் இரும்புத் தளத்தில் விழுந்தது. அடுத்து ஒரு சட்டம். தகரக் கூரை அதிர்ந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் இமை மூடித் திறந்தது. வேறு அசைவில்லை.

"இதோ வந்துடறேம்மா" என்று இவர் எழுந்தார். நடக்கத்தான் நடந்தார், மூலை திரும்பியதும் ஓடினார்.

பின்கட்டில் ஓர் ஆள், பெயிண்ட் தேய்ந்த அந்த டேங்கைத் தலைக்குமேல் தூக்கிவிட்டிருந்தான்.

"நில்லுப்பா."

"என்ன சம்பந்தி, பழைய இரும்புதானே?"

இவர் அவன் கையிலிருந்து டேங்கை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மிச்சமிருந்த பெட்ரோல் கசிந்து சட்டையில் இறங்கியது. டயரில் ஒரு கால் வைத்து, மூச்சு வாங்க லாரிக்குள் ஏறினார். மூலையில் கிடந்த சாக்கைக் காலாலேயே இழுத்து விரித்தார். மண்டியிட்டு, சத்தம் வராமல் அதன்மேல் இறக்கி வைத்தார்.