உறையிலிட்டுக் கொடுத்த மொட்டைக் கத்தி

அந்தக் கத்தியை மழுக்கியவன் நான்தான். தவறுதலாக அல்ல, மறதியாலும் அல்ல... தெரிந்தே, கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் வைத்து இழுத்து இழுத்து மழுக்கினேன். மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். அந்தக் கத்தியால் மாடு அறுக்கப் போகிறவன் என் தங்கையின் கணவன் நியாஸ் என்பதும் எனக்குத் தெரியும்!

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். வாசிக்கும் நீங்கள் ஒரு கணமேனும் என்னை நல்லவனென்று நினைத்துவிடக் கூடாது.

எனக்குக் கத்திகள் மேல் பைத்தியம். புத்தளத்து அகதி வாழ்க்கை முடிந்து செட்டிகுளத்துக்குத் திரும்பி, நெல் வாங்கி விற்கும் கடை போட்டு, கொஞ்சம் நிமிர்ந்ததும் மற்றவர்கள் காணி வாங்கினார்கள். நான் கத்தி செய்வித்தேன். மடக்குக் கத்தியை நான் தொடவே மாட்டேன். அலகும் பிடிக்குள் போகும் தண்டும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். பழைய லொறியின் வில்லுத் தகட்டைத் தேடியெடுத்து நெளுக்குளத்துக் கொல்லரிடம் கொடுப்பேன். முதிரைக் கட்டையில் பிடி. மாட்டுத்தோல் உறையை வவுனியாவில் செருப்புத் தைப்பவர் ஒருவர் தைத்துத் தருவார். ஒரு கத்தியின் உறைக்குள் இன்னொரு கத்தி போகாது. அலுமாரியில் மனைவியின் சேலைகளை ஒதுக்கிவிட்டு ஒரு தட்டு முழுவதும் அவற்றை அடுக்கினேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது போல வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறேன் என்று அவள் பகிடி பண்ணுவாள்.

ஆனால் எனக்கு அறுக்க வராது. ஒரு கோழியின் கழுத்தைப் பிடித்தாலே கை நடுங்கும். இத்தனை கத்தி வைத்திருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய வெட்கம் தெரியுமா உங்களுக்கு?

நியாஸுக்கு வரும். சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்தவன் அவன். அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பு; மாடு ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான். ஊரில் பெருநாளுக்குப் பலியிடும் குர்பான் மாடுகள் எல்லாம் அவன் கையால்தான் அறுபடும். கத்தி மட்டும் என்னுடையது. முதல்நாளே நான் தீட்டி, நகத்தில் வைத்துப் பதம் பார்த்து, உறையில் போட்டு வைப்பேன்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. அறுக்கப் போகும் மாட்டுக்குக் கத்தியைக் காட்டக் கூடாது, அதன் கண்முன்னே தீட்டவும் கூடாது. அதனால் உறையோடு கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நான் நிற்பேன். மாட்டைச் சாய்த்துத் தலையைத் திருப்பிப் பிடித்ததும் நியாஸ் கையைப் பின்பக்கம் நீட்டுவான். நான் உருவி அவன் கையில் வைப்பேன். அவன் கத்தியின் கூரைப் பார்ப்பதே இல்லை. மச்சான் தீட்டியதை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லுவான்.

என்னை அப்படி நம்பினான்... அந்த நம்பிக்கைதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஏன் செய்தேன்? நீங்கள் பெரிதாக ஏதோ எதிர்பார்ப்பீர்கள். காணிச் சண்டையில்லை, என் தங்கையை அவன் அடித்ததுமில்லை. பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன் பள்ளிவாசல் முற்றத்தில் புதுக் கத்தியொன்றை நிர்வாகத்துப் பெரியவரிடம் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "கத்தியில என்ன கிடக்கு, கையில எல்லோ எல்லாம் கிடக்கு" என்று சொல்லி நியாஸின் தோளில் தட்டினார். நின்றவர்கள் சிரித்தார்கள். நியாஸும் சிரித்தான். அவ்வளவுதான்! வேறு ஒன்றுமேயில்லை!

பெருநாளன்று தொழுகை முடிந்து ஆட்கள் கூடி நின்றார்கள். இறைச்சி வாங்கிப் போக வந்த ஏழைப் பெண்கள் வேலியோரம் பைகளோடு காத்திருந்தார்கள். சிவலை மாடு, நல்ல கொழுப்பு. சாய்த்துக் கட்டினார்கள். நியாஸ் கையை நீட்டினான். நான் கத்தியை உருவி வைத்தேன். அலகு பளபளவென்றுதான் இருந்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

முதல் இழுப்பில் தோல் மட்டும் கிழிந்தது.

மாடு கத்தியது. சாகும் சத்தமல்ல அது, வலியின் சத்தம். நியாஸ் திகைத்துப் போனான். திரும்ப அழுத்தினான். மறுபடியும்... மறுபடியும்... ஒரு காலின் கட்டு அறுந்து, பிடித்திருந்தவர்களில் ஒருவர் தூக்கி எறியப்பட்டார். பாதி திறந்த கழுத்தோடு மாடு எழும்பப் பார்த்தது. வேறு கத்தி எடுக்க யாரோ ஓடினார்கள். அது வருவதற்குள் நியாஸ் தன் முழுப் பாரத்தையும் கத்தியில் போட்டு, எலும்புவரை இறக்கி, ஒருவழியாக முடித்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? சந்தோஷப்பட்டேன். இப்போது உன் கை எங்கே என்று மனதுக்குள் கேட்டேன். மாடு இன்னும் துடித்துக்கொண்டுதான் இருந்தது!

மௌலவி வந்து பார்த்தார். கத்தி அறுக்கவில்லை, கைப்பலம்தான் கழுத்தைக் கிழித்திருக்கிறது, இதை உண்ண முடியாது, புதையுங்கள் என்றார். பிறகு கத்தியை வாங்கி விரலால் தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"குடுக்கேக்க கூராத்தானே இருந்தது?"

"ஓம். நேற்றுத்தான் தீட்டினனான்."

இந்தப் பொய்தான் என் உண்மையான குற்றம். கிணற்றடியில் செய்தது பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை நியாஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் என் முகத்தில் எதையும் தேடவில்லை. தன் கைகளைத்தான் பார்த்தான்.

எலும்பில் போட்டு அறுத்து நல்ல கத்தியை நாசமாக்கிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. பைகளோடு வந்த பெண்கள் வெறுங்கையோடு போனார்கள். அவனுடைய கையில் இருந்த பரக்கத், அல்லாஹ்வின் அருள், போய்விட்டது என்றார்கள். கடைக்கு ஆள் வருவது குறைந்தது, பிறகு நின்றது. வந்திருந்தாலும் பயனில்லை, கத்தியைப் பிடித்தால் அவனுக்கும் கை நடுங்கத் தொடங்கியிருந்தது, என்னைப் போலவே!

இப்போது அவன் என் கடையில் நெல்மூட்டை தூக்குகிறான். தங்கை வந்து கேட்டாள், வேலை கொடுத்தேன். கஷ்டத்தில் கைகொடுத்த மச்சான் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

என் கத்திகளுக்காவது மதிப்புக் கூடியதா? இல்லை. பெருநாளுக்கு வவுனியாவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் தன் கத்தியோடுதான் வருகிறார்.

போன வாரம் நியாஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கட்டாரிலிருக்கும் மகன் அவனை மக்காவுக்கு உம்ரா செய்யக் கூட்டிப்போகிறான். பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். கேட்கப்பட்டவரும் பதிலுக்குக் கேட்க வேண்டும்.

கதிரையில் இருக்கச் சொன்னேன். அவன் இருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அண்டைக்கு நீங்கள் நல்லாத் தீட்டித் தந்த கத்திய நான் கெடுத்துப்போட்டன். ஒரு வாயில்லாச் சீவனையும் சித்திரவதை செய்துபோட்டன். நீங்கள் ஒரு நாளும் என்னட்ட அதைக் கேக்கேல்லை. மாப்புச் செய்யுங்கோ. இல்லாட்டி அங்க போய் நான் எப்பிடிக் கையேந்திறது?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்! நான்தான் மழுக்கினேன் என்று... சொல்லவில்லை. அவன் அடிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். பயந்தது அதற்கல்ல. என்னைப் பார்க்கும்போது அவன் கண்ணில் இருக்கும் மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

மாப்புச் செய்துவிட்டேன் என்றேன். ஆம், நான் அவனை மன்னித்தேன்! பதிலுக்கு நான் எதுவும் கேட்கவில்லை. அவன் அழுதான். எனக்காகவும் அங்கே துஆக் கேட்டுப் பிரார்த்திப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இன்று காலை தங்கை கடைக்கு வந்தாள். மக்காவிலிருந்து மகன் தொலைபேசியில் கோல் எடுத்தானாம். வாப்பா சாப்பிடுகிறாரில்லை, எந்நேரமும் அந்த மாட்டை நினைத்தே அழுகிறார், அல்லாஹ் தன்னை மன்னிப்பானோ தெரியாது என்கிறார் என்று சொன்னானாம். அதைச் சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது.

நான் தராசில் கிடந்த மூட்டையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தேன்.

"மன்னிப்பான் எண்டு சொல்லு" என்றேன்.