ஏழாவது தொட்டி

பட்டப்பகலில், சுற்றிலும் பத்துப் பேர் நிற்கும்போது, பயத்தில் உங்களுக்குக் கை சில்லிட்டுப்போனது உண்டா?

எனக்குப் போன சனிக்கிழமை போனது. மணி பன்னிரண்டரை. மண்டையைப் பிளக்கும் வெயில். இடம், ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில் ஒரு ஸ்கூல் மைதானம்.

ஏன் அங்கே போனேன்? அழைத்தார்கள், போனேன். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம், வேலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி, தோல் ஷாப் என்று இங்கே சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் முதலாளிகள் சங்கம் – மூன்றும் கைகோத்து ஒரு திட்டம் நடத்துகின்றன. தோல் தொழிலாளர் வீட்டுப் பெண்களை மண், பாறை, நிலத்தடி நீர் ஆராயும் வேலைக்குத் தயார்செய்வது. நிலையம் கருவி தரும். கல்லூரி மாணவிகளைத் தரும். சங்கம் வேனும் மத்தியானச் சாப்பாடும் தரும். நான் நாலு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டும். பிரியாணி உண்டு என்றார்கள். ஆம்பூரில் அதற்கு மேல் யார் கேள்வி கேட்பார்கள்?

எனக்கு ஜியாலஜி என்றால் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த மூன்று வகைப் பாறைகள். அதிலும் ஒன்று மறந்துவிட்டது.

மாணவிகள் நான்கு பேர். அதில் பிரிசில்லா அந்த ஸ்கூலிலேயே படித்தவள். அவள் அப்பா, ஸ்கூலை ஒட்டியிருந்து எப்போதோ மூடப்பட்ட தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். உப்பு போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைக்கும் தொட்டியில், முழங்கால் தண்ணீரில், பல வருஷம். வேன் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது பிரிசில்லா தன் நிலைமையை என்னிடம் சொன்னாள்.

"இன்னிக்கு எழுதற ரிப்போர்ட்டப் பாத்துதான் சார் வேலை. நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான். கெடைக்கலன்னா திங்கக்கெழமைலேர்ந்து ஷூ கம்பெனி. அம்மா சூப்பர்வைசர்கிட்ட பேசி வெச்சிட்டாங்க."

"ஷூ கம்பெனி வேலையும் வேலைதானே?"

"வேலைதான் சார். எங்க வீட்ல எல்லாரும் அதான் பண்றாங்க. நான் மட்டுமாச்சும் வேற பண்ணணும்னு..." முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கூல் லீவு. காலியான ஸ்கூலுக்கே ஒரு மாதிரியான அமைதி உண்டு. இங்கே அது கொஞ்சம் ஜாஸ்தி. காக்கா இல்லை. அணில் இல்லை. மதில் சுவரின் அடிப்பகுதி இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பழைய ஷாப்பின் பொட்டல். இந்தப் பக்கம் துருப்பிடித்த கைபம்பு. அது கெட்டுப்போய் இப்போது லாரித் தண்ணீர்தான். புதிதாக போர் போட இடம் குறிப்பதுதான் அன்றைய வேலை. சங்கத்து மேனேஜர், கைபம்பு பக்கத்திலேயே போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழைய பம்புத் தண்ணி எப்படி இருக்கும்?" என்று பிரிசில்லாவைக் கேட்டேன்.

"தெரியாது சார். நான் ஒரு வாய்கூட குடிச்சதில்ல. நைனா வீட்லேர்ந்து பாட்டில் குடுத்தனுப்புவாரு. ஸ்கூல் தண்ணி குடிக்க மாட்டேன்னு தெனமும் சத்தியம் வாங்குவாரு. பெரிய மகாராணி வந்துட்டான்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வேலை ஆரம்பித்தது. கம்பிகளை மதிலின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தரையில் அடித்து, ஒயர் மாட்டி, மண்ணுக்குள் கரண்ட் விடுகிறார்கள். கீழே எது கரண்டைச் சுலபமாகக் கடத்துகிறதோ, அது கம்ப்யூட்டரில் நீலமாகத் தெரியும். கடத்தாத பாறை சிவப்பு. நீலம் என்றால் பெரும்பாலும் தண்ணீர். ஆடு மேய்ப்பவருக்குக்கூடப் புரியும்படி விளக்கினார், நிலையத்திலிருந்து வந்த விஞ்ஞானி. எனக்கும் புரிந்தது!

கம்பி மண்ணோடு நன்றாகத் தொடர்பு கொள்ள, அதன் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாம். ஒரு மாணவி மக்கோடு வந்தாள். பிரிசில்லா தடுத்தாள்.

"இங்க வேணாம்டி. இங்க மண்ணே உப்புதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். மற்ற இடத்தில் இருபது அடி வாங்கிய கம்பி, கைபம்பு பக்கத்தில் இரண்டே அடியில் இறங்கியது. யாரோ கீழே இருந்து பிடித்து இழுத்துக்கொண்டதுபோல.

ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஆறு நீலக் கட்டங்கள். பழைய ஊறல் தொட்டிகள், மண் போட்டு மூடியவை. அது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கம், கைபம்புக்குக் கீழே, இன்னொரு நீலம். இன்னும் ஆழமாக, இன்னும் அடர்த்தியாக.

"பிரமாதம்! நல்ல ஊற்று. இங்கேயே பாயின்ட் வைக்கலாம்" என்றார் விஞ்ஞானி. மேனேஜர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

பிரிசில்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சார்... தண்ணி கட்டம் கட்டமா நிக்காது."

கைதட்டல் நின்றது. விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். நேர்க்கோடுகள். நான்கு மூலைகள். எந்த ஊற்று மூலை வைத்துக் கட்டிக்கொண்டு உட்காரும்?

கையால் திருகும் துளைக்கருவியைக் கொண்டுவரச் சொன்னார். பிரிசில்லாவும் இன்னொரு பெண்ணும் திருகினார்கள். எட்டடி போனதும் மேலே வந்தது மண் இல்லை. கருநீலமாக, கொழகொழவென்று ஏதோ ஒன்று. கூடவே வாடை. ஊறிய தோலின் வாடை. ஷாப் மூடி இத்தனை வருஷமாகியும் அந்த வாடை மட்டும் கீழே பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கை சில்லிட்டது அப்போதுதான்.

பிரிசில்லாவின் கை முழுக்கச் சேறு. போனைத் தரையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இன்னா பாப்பா?" குரல் தரையிலிருந்து வந்தது.

"நைனா, நம்ம ஷாப்ல மொத்தம் எத்தினி தொட்டி?"

"ஆறு."

"மிஷின் ஏழு காட்டுது நைனா. ஸ்கூல் பக்கம். கைபம்புக்குக் கீழ."

போனில் ஒரு மோட்டார் பைக் கடந்துபோகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது... அத எண்ண வேணாம்னு சொன்னாங்கம்மா."

"யாரு?"

"அப்ப இருந்தவங்க. கழிவு ஜாஸ்தியாய்டுச்சி. அங்க அப்ப காலி நெலம். நாங்கதான் தோண்டனோம். ரொம்பனதும் மண்ணப் போட்டு மூடிட்டோம். அப்புறம்தான் அந்த எடத்த ஸ்கூலுக்கு தானமா குடுத்தாங்க."

பிரிசில்லா எழுந்திருக்கவில்லை. போனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அதான் எனக்கு பாட்டில் குடுத்தனுப்பனியா?"

தரையிலிருந்து அந்தக் குரல் கேட்டது: "சாப்ட்டியா பாப்பா?"

எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகள் அந்த பம்பில் வாய் வைத்துக் குடித்திருப்பார்கள்? அந்தத் தண்ணீர் கொஞ்சம் கரித்திருக்கும். இந்தப் பக்கம் எல்லாத் தண்ணீரும் கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும் என்று விட்டிருப்பார்கள். மகாராணி ஒருத்தி மட்டும் ஓரமாக நின்று பாட்டிலைத் திறந்திருப்பாள்.

மேனேஜர்தான் முதலில் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "ரிப்போர்ட்ல ஆறுன்னே இருக்கட்டும்மா. பாயின்ட்ட மட்டும் தள்ளி வெச்சிக்கலாம். விசாரணை வந்தா தோண்டனவங்க பேரும்தானே வரும்? உங்கப்பாவ நெனச்சிப் பாரு."

பிரிசில்லா கையைக் கழுவினாள். வேனிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். மூடப்பட்ட தொட்டிகள் என்ற இடத்தில் 7 என்று எழுதியிருந்தாள். பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவு அழுத்தி. விஞ்ஞானி தன் தவறையும் சேர்த்து அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரியாணியை யாரும் தொடவில்லை.

புதன்கிழமை போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டது. சங்கத்து வேன் இனி வராதாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள்.

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் பேசல சார். மூணு நாளா பேசல. இன்னிக்கு காலைல நான் கெளம்பறப்ப பாட்டில்ல தண்ணி ரொப்பி வாசல்ல வெச்சிருந்தாரு."

"எடுத்துக்கிட்டியா?"

"இல்ல சார்" என்றாள்.

அந்த அப்பாவை என்னால் மன்னிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. காரணம் இருக்கிறது.

நேற்றுக் காலையும் என் பேத்தியின் ஸ்கூல் பையில் வீட்டுத் தண்ணீர் பாட்டிலை வைத்து அனுப்பினேன். ஏன் வைக்கிறேன் என்று அந்த ஸ்கூலில் இதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.